கேப் எபிக் போகலாமா? கோத்தகிரி வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 21 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். கோவையில் பி.காம் முடித்துவிட்டு, ஊருக்கும் கோவைக்கும் போய்வந்தபடி ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே எம்டிபி (மலை சைக்கிள்) ஓட்டுகிறேன். கோவை, ஊட்டி, பெங்களூரு பக்கம் நடக்கும் ஒருநாள் ரேஸ்களில் சில முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்திருக்கிறேன். இதையே தொழிலாக்க வேண்டும் என்பதுதான் ஆசை. தென்னாப்பிரிக்காவில் நடக்கும் கேப் எபிக் ரேஸில் நானும் என் நண்பனும் ஜோடியாக ஓட்ட நினைக்கிறோம். அங்கே நன்றாக ஓட்டினால் ஏதாவது ஒரு டீமின் கண்ணில் படுவோம் அல்லவா? ஆளுக்கு ஆறு லட்ச ரூபாயாவது ஆகும் என்று கணக்குப் போட்டோம். அம்மா தன் நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். அப்பாவுக்கு இஷ்டமில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பயிற்சி செய்யலாமா என்றும் யோசிக்கிறேன். பல நாள் ரேஸ் இதுவரை ஓட்டியதில்லை. போன மாதம் தொடர்ந்து இரண்டு நாள் நீண்ட தூரம் ஓட்டியபோது, இரண்டாம் நாள் மதியம் கால் சுத்தமாக வேலை செய்யவில்லை. முழங்கால் முன்பக்கமும் வலித்தது. நண்பன் மேடு ஏறுவதில் என்னைவிட வேகம், இறக்கத்தில் பயப்படுவான். எனக்கு அப்படியே தலைகீழ். எப்படித் தயாராவது?

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் நகை விஷயம். வேண்டாம். அம்மா மனதாரத் தந்தாலும் வாங்காதீர்கள். உங்கள் ஆசையையோ திறமையையோ குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. நீங்கள் தேடுவது அந்தப் பந்தயத்தில் கிடைக்காது என்பதால் சொல்கிறேன்.

கேப் எபிக் 2004-இல் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் எட்டு நாள் நடக்கும். முதல் நாள் ஒரு குறுகிய முன்னோட்டச் சுற்று, பிறகு ஏழு நாள் ஏழு ஸ்டேஜ், அதாவது நாளுக்கு ஒரு கட்டம். மொத்தம் 600 முதல் 700 கிலோமீட்டர், ஏறவேண்டிய உயரம் ஏறக்குறைய 15,000 மீட்டர். பல நாள் மலை சைக்கிள் பந்தயங்களுக்கு சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐ தரும் தரவரிசையில் உச்சத்தில் இருப்பது இது. இவ்வளவும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் அதை வென்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தீர்களா? ஐந்து முறை வென்ற கிறிஸ்டோஃப் சவுசர் முதன்முதலில் அங்கே வென்றது 2006-இல். அதற்கு ஆறு ஆண்டு முன்பே சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். 2011-லும் 2012-லும் அவருடன் ஜோடி சேர்ந்து வென்ற தென்னாப்பிரிக்கர் பரி ஸ்டாண்டர், 2009-லேயே 23 வயதுக்கு உட்பட்டோர் உலக சாம்பியன். நீனோ ஷுர்டர் 2017-இல் வென்றபோது, முந்தைய ஆண்டு ரியோவில் வாங்கிய ஒலிம்பிக் தங்கம் அவர் வீட்டில் இருந்தது. மூவரையும் உருவாக்கியது ஒருநாள் கிராஸ் கன்ட்ரி பந்தயம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் வேலை செய்ய வரும் இடம்தான் கேப் எபிக். அங்கே போய் வேலை கேட்க முடியாது.

அங்கே முன்வரிசை அணிகள் ஒரு தொகுப்பாகக் கிளம்பும். அவர்களுக்கு முந்தைய முடிவுகளை வைத்து இடம் ஒதுக்கப்படுகிறது. பின்னால் நூற்றுக்கணக்கான ஜோடிகள் தொகுப்பு தொகுப்பாகப் புறப்படும். யாருக்கும் தெரியாத ஒரு ஜோடி பின்தொகுப்பிலிருந்து கிளம்பி, ஒற்றையடிப் பாதையில் முன்னே போகிறவர்களைத் தாண்ட வழியில்லாமல் காத்து, முதல் பாதிக்குள் முடித்தாலே அது பெரிய சாதனை. அந்தச் சாதனையை உங்கள் ஊர் கொண்டாடும். டீம் மேலாளர்கள் கவனிக்க மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது யூசிஐ புள்ளிகளையும் தேசிய, ஆசியப் போட்டி முடிவுகளையும், அதுவும் வயதோடு சேர்த்து.

வயது என்றதும் உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 23 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு என்பது 19 முதல் 22 வயது வரை. பிறந்த தேதியைப் பார்க்க மாட்டார்கள், அந்தக் காலண்டர் ஆண்டில் எத்தனை வயது முடிகிறது என்றுதான் பார்ப்பார்கள். உங்களுக்கு 21. அதாவது இந்தப் பிரிவில் மிச்சம் இருப்பது இந்த ஆண்டும் அதிகபட்சம் அடுத்த ஆண்டும்தான். அதற்குப் பிறகு எலைட், எல்லாரோடும் நேருக்கு நேர். தேசிய சாம்பியன்ஷிப்பிலும் ஆசிய சாம்பியன்ஷிப்பிலும் உங்கள் வயதுக்காரர்களோடு மட்டும் மோதிப் பார்க்கும் வாய்ப்பு, கேப் எபிக்குக்குப் பணம் புரட்டிக்கொண்டிருக்கும்போதே கைநழுவிப் போய்விடும். கேப் எபிக் 30 வயதிலும் ஓட்டலாம், 40-லும் ஓட்டலாம். இந்த ஒன்றரை சீசன் திரும்பி வராது.

ஆகவே முதல் வேலை லைசென்ஸ். மாநில சைக்கிள் சங்கம் வழியாக இந்திய சைக்கிள் கூட்டமைப்பின் ரேஸ் லைசென்ஸ் எடுங்கள். மாநில எம்டிபி தேர்வில் எக்ஸ்சிஓ பிரிவில், அதாவது ஒரே பாதையைப் பலமுறை சுற்றும் ஒருநாள் கிராஸ் கன்ட்ரியில் நில்லுங்கள். 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கில் இருப்பது அந்தப் பிரிவுதான். இதெல்லாம் எட்டாத உயரம் என்று நினைக்காதீர்கள். 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்த இடம் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துப் பொன்முடி. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியாகவும் அது இருந்தது. கோவையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். அந்தத் தரத்திலான பாதை எப்படி இருக்கும், உலகத் தரத்தில் ஒரு மேடு எவ்வளவு செங்குத்து என்பதைக் காலால் தெரிந்துகொள்ள கண்டம் தாண்ட வேண்டியதில்லை.

பல நாள் ரேஸையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அதை முதலில் இந்தியாவுக்குள் ஓட்டுங்கள். இமாச்சலில் சிம்லாவை மையமாக வைத்து 2005 முதல் நடந்துவரும் எம்டிபி ஹிமாலயா இந்தியாவின் பழைய ஸ்டேஜ் ரேஸ். நாள்களும் பாதையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பல பதிப்புகளில் 3,100 மீட்டருக்கு மேலுள்ள ஜலோரி கணவாய் வழியே போயிருக்கிறது. தனியாளாகவும் ஓட்டலாம். ரயிலில் சைக்கிளைப் பார்சல் போட்டுப் போய்வர, நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் நீங்கள் போட்ட கணக்கில் சிறு பங்குதான் வரும். நேபாளத்தின் யாக் அட்டாக் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 5,416 மீட்டர் உயரத் தோரோங் லா கணவாயைக் கடக்கும், மேலே சைக்கிளை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். அருமையான பந்தயம், ஆனால் முதல் பல நாள் ரேஸுக்கு அது வேண்டாம்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். இரண்டாம் நாள் மதியம் கால் நின்றுபோனது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். ஒருநாள் ரேஸில் முதல் மூன்றுக்குள் வருகிற கால் உங்களுக்கு இருக்கிறது. அந்தக் கால் மறுநாள் காலையில் எந்த நிலையில் எழுந்திருக்கிறது என்பதில்தான் சிக்கல். ஸ்டேஜ் ரேஸில் ஒரு நாளைக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம் சைக்கிள் மேல் இருப்பீர்கள். மிச்சம் 19 மணி நேரம் கீழே. அந்த 19 மணி நேரத்தை யார் சரியாக வாழ்கிறார்களோ அவர்கள்தான் நான்காம் நாள் முன்னால் இருப்பார்கள். தொழில்முறை வீரருக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசமும் அங்கேதான். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அவர் கையில் பானம் வரும், சைக்கிளை மெக்கானிக் வாங்கிக்கொள்வார், காலைப் பிடித்துவிட ஆள் இருக்கும், அவர் போய்ப் படுத்துவிடுவார். உங்களுக்கு இந்த நான்கு வேலையும் நீங்களேதான். ஆகவே இவற்றை வேகமாகவும் தவறாத வரிசையிலும் செய்யப் பழகுவதும் பயிற்சியின் பகுதி.

இதற்கு ஒத்திகை தேவை, அதற்கு உங்கள் ஊரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மூன்று நாள் விடுப்பு எடுத்து வீட்டிலேயே ஒரு ரேஸ் நடத்துங்கள். முதல் நாள் மேட்டுப்பாளையம் இறங்கித் திரும்ப ஏறி வாருங்கள். ஒரே ஏற்றத்தில் 1,400 மீட்டருக்கு மேல் கிடைக்கும். இரண்டாம் நாள் தார்ச் சாலையைத் தவிர்த்துத் தோட்டப் பாதைகளில் நான்கு மணி நேரம். மூன்றாம் நாள் ஊட்டி வழியாகத் தொட்டபெட்டா பக்கம். எஸ்டேட் பாதைகளுக்கு முன்கூட்டியே நிர்வாகத்திடம் அனுமதி வாங்குங்கள். காப்புக் காட்டுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பயிற்சிக் கணக்கில் மூழ்கியவர்கள் அதை மறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று நாளும் ஒரே நேரத்தில் புறப்படுங்கள். முடித்ததும் வீட்டுக்குள் போய் உட்காராதீர்கள். முதலில் குடிக்க வேண்டும், பிறகு சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், சைக்கிளைக் கழுவிச் சரிபார்க்க வேண்டும், மறுநாள் பையை அடுக்க வேண்டும், அதற்குப் பிறகு படுக்கை. மாலை நான்கு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். முதல் தடவை நிச்சயம் ஆறு மணி ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தைக் குறைப்பது, ஒரு மேட்டில் இரண்டு நிமிடம் குறைப்பதைவிடப் பெரிய லாபம். முடிந்தால் ஒரு ராத்திரியாவது மொட்டைமாடியில் கூடாரத்தில் தூங்கிப் பாருங்கள். பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் குறட்டை விடும்போது தூங்குவதும் ஒரு திறமைதான். காதடைப்பான் ஒரு ஜோடி பையில் எப்போதும் இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கால் நின்றதற்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். உடம்பு தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். ஐந்து மணி நேர மலைப்பாதை அதைக் காலி செய்துவிடும். முதல் நாள் காலியானதை ராத்திரிக்குள் நிரப்பாவிட்டால் இரண்டாம் நாள் அரைத் தொட்டியோடு கிளம்புகிறீர்கள், மதியத்தில் நின்றுவிடுகிறீர்கள். நீங்கள் 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், ரேஸ் நாள்களில் ஒரு நாளைக்கு 500 முதல் 700 கிராம் மாவுச்சத்து போக வேண்டும். வெந்த சோறு 100 கிராமில் இருப்பது 28 கிராம்தான் என்றால் இது எவ்வளவு சாப்பாடு என்று யோசித்துப் பாருங்கள். மூன்று வேளையில் முடியாது. சைக்கிள் மேல் இருக்கும்போதே கணிசமாகப் போயாக வேண்டும்.

ஓட்டும்போது மணிக்கு 60 கிராமில் தொடங்குங்கள். வயிறு பழகப் பழக 80, 90 வரை ஏற்றலாம். விலையுயர்ந்த ஜெல் எதுவும் தேவையில்லை. 750 மில்லி பாட்டிலில் ஐந்து மேசைக்கரண்டி வெள்ளைச் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சம்பழம். இதிலேயே 60 கிராம் வந்துவிடும். சர்க்கரையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் பாதிக்குப் பாதி இருக்கின்றன. குடல் இரண்டையும் வெவ்வேறு வழியில் உறிஞ்சுவதால் ஒன்றை மட்டும் குடிப்பதைவிட அதிகம் உள்ளே போகும். கூட ஒரு வாழைப்பழம் என்றால் இன்னும் 25 கிராம். கடலை மிட்டாயை ஏற்றத்தில் மெல்லாதீர்கள், மூச்சு வாங்கும்போது தொண்டையில் மாட்டும். அதைச் சமதளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பசி எடுத்த பிறகு சாப்பிடுவது தாமதம். கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்க வையுங்கள்.

முடித்ததும் முதல் நான்கு மணி நேரம் மிக முக்கியம். ஒவ்வொரு மணிக்கும் 60, 70 கிராம் மாவுச்சத்து, முதல் வேளையோடு 20 கிராம் புரதம். கோட்டைத் தாண்டியதும் சர்க்கரை போட்ட பால் இரண்டு டம்ளர், பிறகு பொங்கலோ தயிர்சாதமோ, இரண்டு முட்டை. முட்டை சாப்பிட மாட்டீர்கள் என்றால் பனீர் அல்லது பருப்பு கூடுதலாக. எண்ணெயும் காரமும் குறைவாக இருக்கட்டும். இமாச்சல முகாம்களில் ராஜ்மாவும் சப்பாத்தியும்தான் பிரதானமாக இருக்கும். அது உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ரேஸுக்கு முன்பே சில வாரம் சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பாட்டில் வாயில் சாணியும் சேறும் தெறிக்கும். மூடியுள்ள பாட்டிலே வாங்குங்கள், ராத்திரி வெந்நீரில் கழுவுங்கள். ஸ்டேஜ் ரேஸில் கால் போய் வெளியேறுபவர்களைப் போலவே வயிறு போய் வெளியேறுபவர்களும் நிறைய.

வேகத்தைப் பற்றி. உங்கள் ஒருநாள் ரேஸ் பழக்கம் முதல் நாள் உங்களைக் கெடுக்கும். துப்பாக்கி வெடித்ததும் முன்கூட்டத்தோடு பறக்கத் தோன்றும். முதல் இரண்டு நாளும் ஏற்றங்களில், ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உங்கள் உச்ச வேகத்தில் 85 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டர் இல்லையென்றால் மூச்சைப் பாருங்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இதயத் துடிப்பை மட்டும் நம்பாதீர்கள். மூன்றாம், நான்காம் நாளில் உடம்பு களைத்த பிறகு எவ்வளவு மிதித்தாலும் துடிப்பு ஏறாது. அதைப் பார்த்து ‘இன்று லேசாக இருக்கிறது’ என்று ஏமாந்து மிதிப்பவர்கள் ஐந்தாம் நாள் காணாமல் போவார்கள். முதல் நாள் பத்து இடம் பின்னால் முடிப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். அந்தப் பத்துப் பேரில் பலர் பின்னாளில் உங்களிடம் வருவார்கள்.

வாரப் பயிற்சிக்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பத்து முதல் பதினான்கு மணி நேரம், அதில் பெரும்பகுதி பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய மென்மையான வேகம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடுமையான இடைவெளிப் பயிற்சி, நான்கு நிமிடம் முழுமூச்சு, நான்கு நிமிடம் ஓய்வு, ஐந்து முறை. எக்ஸ்சிஓ-வுக்கு இது இல்லாமல் முடியாது. நான்காவது வாரம் பாதியாகக் குறையுங்கள். ரேஸுக்குப் பத்து நாள் முன்பிருந்து தூரத்தைக் குறைத்து, வேகத்தை மட்டும் தொட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குமுன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் டி மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். இரும்புச்சத்து குறைவாக இருக்கும்போது எந்தப் பயிற்சியும் உடம்பில் ஒட்டாது.

சைக்கிளைப் பற்றி மெக்கானிக்குக்கு நான் என்ன சொல்வது! ஒன்றிரண்டு மட்டும். அந்த சைக்கிளுக்கே உரிய டீரெய்லர் ஹேங்கர் (பின் கியரைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) இரண்டு கூடவே வரட்டும். அது உடைந்தால் வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. மழை, சேறு என்றால் ரெசின் பிரேக் பேட் ஒரே நாளில் தேய்ந்து இரும்பு தெரியும், ஆகவே மெட்டல் பேட் இரண்டு ஜோடி. டயர் ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் டியூப்லெஸ் சீலன்ட் திரவம் ரேஸுக்கு முந்தைய வாரம் புதிதாக. புது ஷூ, புது சீட், புது பேடட் ஷார்ட்ஸ் எதையும் ரேஸில் முதன்முதலாகப் போடாதீர்கள். ஷார்ட்ஸைப் பொறுத்தவரை, மூன்று இருந்தால் தினமும் துவைத்துக் காய்ந்தது போடலாம். ஈர ஷார்ட்ஸில் வரும் புண் எப்பேர்ப்பட்ட வீரரையும் இறக்கிவிடும்.

மருந்து விஷயத்தில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து ஊக்கமருந்து விதிகள் உங்களைக் கட்டும். சளி இருமலுக்கு நம் ஊர் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கொடுக்கும் சிரப்புகள் பலவற்றில் டெர்பூட்டலின் இருக்கிறது. அது தடைசெய்யப்பட்ட பொருள். ‘எனக்குத் தெரியாது, கடைக்காரர் கொடுத்தார்’ என்பதை யாரும் ஏற்க மாட்டார்கள். வலிக்கு டிரமடால் 2024 ஜனவரியிலிருந்து போட்டி நாள்களில் எல்லா விளையாட்டுக்கும் தடை. எந்த மாத்திரையையும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் பார்க்காமல் வாயில் போடாதீர்கள். இபுபுரூஃபன் தடையில் இல்லை, ஆனால் வேர்த்து வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ரேஸ் நடக்கும்போது அதையும் தவிர்த்துவிடுங்கள்.

நண்பரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எதிரெதிர் பலம் உள்ள ஜோடி காகிதத்தில் அழகாக இருக்கும். பாதையில் அது இரண்டு பேரையும் தின்றுவிடும். கேப் எபிக்கில் ஜோடிக்கு இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது, விழுந்தால் தண்டனை நேரம். மேட்டில் அவர் முன்னே போவார், நீங்கள் உங்கள் எல்லையைத் தாண்டித் துரத்துவீர்கள். இறக்கத்தில் நீங்கள் பறப்பீர்கள், அவர் பயத்தோடு துரத்தி விழுவார். மூன்றாம் நாள் பேச்சு நின்றுவிடும். இப்போதைக்குத் தனித்தனியாக ஓட்டுங்கள், பயிற்சியை மட்டும் சேர்ந்து செய்யுங்கள். பயிற்சியில் ஒரு விதி: ஏற்றத்தில் மெதுவாக ஏறுபவர் முன்னால் போய் வேகத்தை முடிவுசெய்வார், அதாவது நீங்கள். கூடுதல் தண்ணீரையும் பம்ப்பையும் அவர் சுமப்பார். இறக்கத்தில் நீங்கள் முன்னால், ஆனால் அவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே, எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் போவது என்பதை அவர் உங்கள் பின்சக்கரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி. ஒரு வருடம் இப்படி ஓட்டி, கோபத்தோடும் பசியோடும் மூன்று நாள் சேர்ந்திருந்து பார்த்தபின் ஜோடியைப் பற்றி முடிவு செய்யலாம். ஜோடி ரேஸுக்கு நட்பு மட்டும் போதாது. ‘எனக்கு இன்று முடியவில்லை’ என்று வெட்கமில்லாமல் சொல்லவும், அதைக் கேட்டு முகம் சுளிக்காமல் வேகத்தைக் குறைக்கவும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வேலையை விடாதீர்கள். உங்கள் கடை முதலாளியிடம் நேரடியாகப் பேசுங்கள். காலை பயிற்சி, பதினோரு மணியிலிருந்து வேலை என்று கேளுங்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை மூன்று நாள் விடுப்பு கேளுங்கள், பதிலுக்கு ஜெர்சியில் கடைப் பெயர் போடுகிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் முதல் ஸ்பான்சர் அவராகத்தான் இருக்க வேண்டும். தவிர, ரேஸர் என்பதோடு கை தேர்ந்த மெக்கானிக் என்பதும் ஒரு டீமுக்கு மதிப்புதான். அந்தத் தொழிலில் இருந்துகொண்டே இந்த உலகத்துக்குள் நுழைந்தவர்கள் உண்டு.

நம் நாட்டில் மலை சைக்கிள் ஓட்டி மாதச் சம்பளம் வாங்குபவர்கள் பெரும்பாலும் ராணுவத்திலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் இருப்பவர்கள். இதைச் சொல்லும்போது சில இளைஞர்கள் முகம் வாடுவார்கள், இதுவா தொழில்முறை என்று. ஆம், இதுவும்தான். பயிற்சிக்கு நேரமும் சம்பளமும் சாப்பாடும் தரும் வேலை எதுவானாலும் அது ரேஸரின் வேலை. தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2023-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, வீரர்களின் பயணத்துக்கும் உபகரணங்களுக்கும் நிதி உதவி செய்கிறது. இந்தக் கதவுகள் எல்லாம் அங்கீகரிக்கப்பட்ட போட்டிச் சான்றிதழுக்குத்தான் திறக்கும். தனியார் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை ரேஸில் வாங்கிய கோப்பையை அங்கே காட்ட முடியாது. மாநிலத் தேர்வை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அப்பாவிடமும் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். அவர் பயப்படுவது சைக்கிளைப் பார்த்து அல்ல, கடனைப் பார்த்து என்று நினைக்கிறேன்.

கடைசியாக முழங்கால். எந்த ரேஸுக்கும் பணம் கட்டுமுன் இதைச் சரிசெய்யுங்கள். முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் மூன்று காரணம்: சீட் தாழ்வாக இருப்பது, கனமான கியரில் மெதுவாக மிதிப்பது, தூரத்தைத் திடீரென்று கூட்டியது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் இருக்கிறதா என்று நண்பரை விட்டுப் பக்கவாட்டில் படம் எடுத்து அளந்து பாருங்கள். கூடுதலாக மடிந்தால் சீட்டை ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் மட்டும் உயர்த்தி, நான்கைந்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த 3. முன்பல்சக்கரம் 34 பல் என்றால் 30-க்கு மாற்றுங்கள், ஏற்றத்தில் நிமிடத்துக்கு 75 சுற்றுக்குக் கீழே போகாதபடி. இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, படி இறங்கும்போது வலித்தாலோ, மூட்டு வீங்கினாலோ, நீங்களே மேற்கொண்டு எதையும் மாற்றாமல் கோவையில் ஒரு விளையாட்டு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சைக்கிளையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள், அவர் நீங்கள் மிதிப்பதை நேரில் பார்க்க வேண்டும்.